கிட்டங்கிக்குள் கலை வந்துவிட்டது. மூட்டை தூக்கியவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் 2022 ஜனவரியில் தஞ்சோங் பகார் டிஸ்ட்ரிபார்க் என்ற கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வளாகத்தில் திறந்தபோது, "கிட்டங்கிக்குள் போய்க் கலையா?" என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. சென்ற பள்ளி விடுமுறையில்தான் 81 வயது அப்பாவையும் என் மகளையும் அங்கே அழைத்துப் போனேன். நவீன கலை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அது வேறு கதை. அப்பா படைப்புகள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கண்ணெல்லாம் சரக்கு மின்தூக்கியின் மேல்தான். வெளியே வந்ததும், எதிரே தெரிந்த துறைமுகத்தைக் காட்டி, அரிசி மூட்டையைக் கொக்கியால் இழுத்து முதுகில் ஏற்றும் விதத்தைப் பேத்திக்கு நடித்தே காட்டினார். கொக்கி மூட்டையின் காதில் விழ வேண்டுமாம். நடுவில் குத்தினால் அரிசி கொட்டும்; கங்காணியின் ஏச்சும் சேர்ந்து கொட்டும். பார்வையாளர்கள் இரண்டு பேர் நின்று கவனித்தார்கள். அந்தக் காட்சிக்கு மட்டும் விளக்கப் பலகை இல்லை.

1972 ஜூன் 23ஆம் தேதி 'நிஹோன்' என்ற முதல் கொள்கலன் கப்பல் இங்கே வந்தபோது அப்பா வேலையில் இருந்தார். கொக்கியின் காலம் அன்றோடு முடியத் தொடங்கியது. இனி இங்கே கொள்கலன் முனையமே இருக்காது. 2027க்குள் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் மூன்றும் தீவின் மேற்கே உள்ள துவாசுக்கு மாற வேண்டும் என்பது திட்டம்.

அரும்பொருளகம் சுவருக்குள் முடங்கிக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. 'தி எவ்ரிடே மியூசியம்' திட்டத்தின் வழியாகப் பழைய ரயில் பாதை ஓரத்தில் படைப்புகளை வைத்தார்கள். அந்த வரிசைக்கு, 1932இல் தண்டவாளம் தஞ்சோங் பகாருக்குத் திருப்பிவிடப்பட்டதை நினைவூட்டும் 'சிங்கப்பூர் டீவியேஷன்' என்ற பெயரையே சூட்டினார்கள். நல்ல வேலை.

ஆனால் அக்கம்பக்கம் என்றால் யார்? இன்று தஞ்சோங் பகாரைச் சுற்றி அலுவலகக் கோபுரங்கள். மதிய உணவுக்கு வரிசையில் நிற்பவர்கள் மாலையில் ரயிலேறிப் போய்விடுகிறார்கள். துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்து ஈசூனுக்கும் உட்லண்ட்ஸுக்கும் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அரும்பொருளகத்தின் உண்மையான அண்டைவீட்டார் இருபது கிலோமீட்டர் தள்ளி, புளோக்குக்குக் கீழே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கலைஞர்கள் அங்கே வரட்டும். ஒலிப்பதிவுக் கருவியோடு, தமிழ் தெரிந்த ஒருவரையும் அழைத்து வரட்டும். கிராணி (எழுத்தர்), தொங்கான் (சரக்குப் படகு), கிட்டங்கி என்று அப்பா சொல்லும் சொற்களுக்கு என் மகள் பொருள் கேட்கிறாள். அவற்றை அவர் குரலிலேயே அந்தக் கட்டடத்தில் ஒலிக்கவிட்டால் போதும், பெரிய செலவும் இல்லை. அப்பாவின் கொக்கி எங்கள் வீட்டுச் சாமான் அறையில்தான் இருக்கிறது. இரவல் தரச் சம்மதமாம். ஆனால் திருப்பித் தர வேண்டும் என்கிறார்.

இப்படிக்கு,
துறைமுகத் தொழிலாளியின் மகள்,
ஈசூன்