பிப்பனுக்கு 41ஆம் இடமா?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கவலைப்படாதே.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த கூடைப்பந்து வீரர்கள் என்று நீ அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். ஸ்காட்டி பிப்பனுக்கு 41ஆம் இடம் கொடுத்து, "ஜோர்டன் பக்கத்தில் இருந்ததால் ஆறு கோப்பை கிடைத்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த வரி நேற்றிலிருந்து மனசை உறுத்துகிறது.

மைக்கேல் ஜோர்டனுக்குத்தான் என் பட்டியலிலும் முதலிடம். ஆனால் 1987இல் பிப்பன் ஜோர்டனின் அணியான சிகாகோ புல்ஸுக்கு வருவதற்கு முன், ஜோர்டன் ஆடிய பத்து பிளே-ஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்று) ஆட்டங்களில் ஒன்றில்தான் அணி வென்றது. பாஸ்டனுக்கு எதிராக அவர் 63 புள்ளி எடுத்த அன்றுகூடத் தோல்விதான்.

1991 இறுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தை எதிரணியான லேக்கர்ஸ் தட்டிச் சென்றது. இரண்டாம் ஆட்டத்தில் ஜோர்டனுக்குச் சீக்கிரமே இரண்டு ஃபவுல் ஆகிவிட, லேக்கர்ஸ் ஆட்டத்தை நடத்தும் மேஜிக் ஜான்சனை மறிக்கும் வேலை பிப்பனிடம் வந்தது. மேஜிக் கைக்குப் பந்து வந்ததுமே, கோர்ட்டின் அந்தக் கோடியிலேயே பிப்பன் போய் ஒட்டிக்கொள்கிறார். அவ்வளவு நீளமான கைகள். மேஜிக் நேரே ஓட வழியில்லாமல், முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறார். லேக்கர்ஸ் ஆட்டத்தை அமைப்பதற்குள், ஷாட் எடுக்கக் கிடைக்கும் 24 நொடியில் பாதி கரைந்துவிடும். அன்று மேஜிக்குக்கு 13 ஷாட்டில் 4தான் விழுந்தது. ஒருவரை இப்படிக் களைக்க வைத்ததை எழுத ஸ்கோர்ஷீட்டில் கட்டமே கிடையாது. தொடரை புல்ஸ் 4-1 என்று வென்றது.

ஜோர்டன் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறாய். அதுதான் நடந்தே விட்டதே! 1993இல் அவர் விலகினார். முந்தைய பருவத்தில் 57 ஆட்டம் வென்ற அணி, பிப்பன் தலைமையில் 55 வென்றது. சிறந்த வீரருக்கான வாக்கில் அவருக்கு மூன்றாம் இடம். அடுத்த பருவத்தில் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்குப் பந்து கொடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) ஐந்திலும் அணியில் அவரே முதல்.

அந்த 1.8 நொடியை மறைக்கமாட்டேன். 1994 பிளே-ஆஃபில் நியூயார்க்குக்கு எதிரான மூன்றாம் ஆட்டம், முடிய அவ்வளவு நேரம்தான் மிச்சம். கடைசி ஷாட்டை சக வீரர் டோனி குகோச்சுக்குக் கொடுத்தார்கள் என்று கோபித்துக்கொண்டு பிப்பன் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், அணி வென்றது. தப்புதான். ஆனால் அதற்காகப் பதினைந்து இடம் இறக்க முடியுமா?

முதல் பதினைந்தில் நான் வைக்கமாட்டேன். ஆட்டம் இழுபறியில் நிற்கும்போது தனியாளாகப் புள்ளி எடுத்துத் தருவதில் அவர் அந்த வரிசை ஆள் இல்லை. 25க்குப் பக்கத்தில் வைப்பேன். அதற்குக் கீழே என்றால் சண்டைதான்.

சரி, ஞாயிறு லீவுதானே? அந்த 1991 இரண்டாம் ஆட்டத்தை ஒருதரம் போட்டுப் பார். பந்தை விட்டுவிடு, பிப்பனின் 33ஆம் எண்ணை மட்டும் பார். பார்த்துவிட்டுக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா