அன்னதான மண்டபத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு

பிள்ளையார் அருளால் மண்டப வேலை முடிந்துவிட்டது. வரவு செலவை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: "காசில பாதிய மண்ணுக்குள்ள போட்டு மூடிட்டீங்களே?"

மேற்குச் சுவரில் படிக்கட்டுப் போல ஏறிய வெடிப்பு எல்லோருக்கும் தெரியும். திருவிழாவுக்கு முன் சாந்து பூசுவோம், மாரி முடிய மறுபடி வெடிக்கும். இம்முறை அத்திவாரத்தின் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தோம். மூன்றடியில் உடைந்த ஓடு, தேங்காய் மட்டை, கறுத்த சேறு. யாரோ எப்போதோ மூடிய குழி. மற்றப் பக்கமெல்லாம் நல்ல மணலில் நிற்க, இந்த மூலை மட்டும் இறங்கியிருக்கிறது. கட்டடம் முழுக்க ஒரே அளவாக இறங்கினால் சுவர் தாங்கும். ஒரு மூலை இறங்கினால்தான் கிழியும்.

கூரைக்கு முட்டுக் கொடுத்து அந்தச் சுவரை இடித்தோம். சேற்றை அள்ளும்போது ஐந்தடியில் ஊற்று. பம்ப் வைத்து இறைக்க இறைக்க மணல் சரிந்து வந்தது. மேசன்மார் பட்ட பாடு சொல்லி முடியாது. அடியில் கருங்கல், மேலே அரையடிப் படைகளாகக் கிரவல், ஒவ்வொரு படையும் நனைத்து இடித்து இறுக்கியது. அப்புறம் சுமை பரவ அகலமான கொங்கிரீட் பாதங்கள், அவற்றைப் பிணைக்கும் பீம்.

"பூமியதிர்ச்சி வந்தா?" என்று பொதுச்சபையில் ஓர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை. 2004இல் அதிர்ந்தது சுமாத்திராப் பக்கம், நமக்கு வந்தது கடல். ஆனாலும் நம் நிலம் தண்ணீர் ஊறிய மணல். கல்லடிக் கடற்கரையில் ஈர மணலில் நின்று காலை ஆட்டிப் பாருங்கள், பாதம் புதையும். குலுக்கும்போது மணல் மணிகளுக்கிடையே உள்ள தண்ணீரின் அழுத்தம் ஏறி, மணிகள் ஒன்றையொன்று தாங்குவதை விட்டுவிடும். யப்பானின் நீகாட்டாவில் 1964இல் மாடிக் குடியிருப்புகள் இப்படித்தான் உடையாமலே சாய்ந்தன. உண்மையைச் சொன்னால், அதைத் தடுக்க ஆழம்வரை மணலை இறுக்க வேண்டும். நம் வசதிக்கு அது கட்டாது. சாதாரண அதிர்வில் பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் போகாமல் பீம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டு சாந்தால் ஒட்டியிருக்கிறது. சுவர் அசைந்தால் அது உடையும். பிள்ளைகள் பிடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீறல் கண்டால் கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் சொல்லுங்கள்.

செயலாளர், திருப்பணிச் சபை