எழுதுவதற்கு முன்னால் கையை நீட்டு

அட்லாண்டா,
அக்டோபர் 19, ஞாயிறு.

அன்புள்ள மீனா,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. உன் கடைசிக் கடிதம் மேஜை இழுப்பறையிலேயே இருக்கிறது, திறக்கும்போதெல்லாம் உன் கையெழுத்து என்னை முறைக்கிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வார்டன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சாந்தி மகன் கடைசியில் எந்தக் காலேஜில் சேர்ந்தான்? இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "மீனா சித்தி மாதிரி சந்து" என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள். சரி, விசாரிப்பு போதும். உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது.

எங்கள் நூலகத்துக்கு வரும் கறுப்பினப் பேராசிரியை பற்றிப் போன வருஷம் எழுதியிருந்தேனே, என் சுங்குடிச் சேலையைப் பார்த்துவிட்டு, "இதில் முடிச்சுப் போட்டவர்கள் பேர் தெரியுமா?" என்று கேட்டவர். ஆகஸ்ட் கடைசியில் ஒரு மத்தியானம் என் கவுண்டரில் புத்தகம் வாங்க வந்தவர், மேஜை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்குள் பூச்சி பறக்கிறது என்றார். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். பிரஷர் 190க்கு 118. நர்ஸ் நம்பாமல் இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தாள். அதற்குள் இவர் படுத்தபடியே போனில் டைப் அடித்துக்கொண்டிருந்தார். என்ன என்று எட்டிப் பார்த்தால், அன்றைக்கு மூன்று மணிக் கமிட்டிக்கு வர முடியாததற்கு மன்னிப்பு! போனைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

மீனா, அவர் ஏழு கமிட்டியில் இருக்கிறார். துறையில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அதனால் எந்தக் கமிட்டி போட்டாலும் "எல்லோரையும் சேர்த்திருக்கிறோம்" என்று காட்ட அவர் வேண்டும். எந்தக் கறுப்பின மாணவர் அழுதாலும் அவர் ரூமுக்குத்தான் வருவார். பதவி உயர்வுக்குக் கணக்குப் பார்க்கும்போது மட்டும் இதெல்லாம் எந்தப் பத்தியிலும் ஏறாது, எத்தனை கட்டுரை என்பதுதான் கேள்வி. இதற்கு 1994இலேயே அமாடோ படீயா என்ற உளவியல் பேராசிரியர் 'கலாச்சார வரி' என்று பேர் வைத்திருக்கிறார். பேர் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது, வரி நிற்கவில்லை. நாடு முழுக்க முழுநேரக் கல்லூரி ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏழு பேர் அளவுதான். முழுப் பேராசிரியர்கள் என்று பார்த்தால் இன்னும் குறைவு. இத்தனை சுமைக்கும் அந்தச் சில தோள்கள்தான்.

அவர் விழுந்த மறுவாரம் எல்லா ஊழியருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் ஆப், ஆறு மாதம் இலவசம். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் கிழிந்துவிடும்.

அப்புறம்தான் நான் சொல்ல வந்தது. ஒரு மாதம் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சனிக்கிழமைகளில் அவரை ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேலை எனக்கு வந்தது. வெஸ்ட் எண்ட் பக்கம், கறுப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரிக்குச் சற்றுத் தள்ளி, முன்திண்ணை வைத்த பழைய மரவீடு. அங்கே பதினோரு கறுப்பினப் பெண்கள் கூடுகிறார்கள். சிலர் பேராசிரியைகள், சிலர் ஆராய்ச்சி மாணவிகள், ஒருவர் ஓய்வு பெற்றவர். கூடி உட்கார்ந்து எழுதுகிறார்கள், அவ்வளவுதான். நான் காரிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். வீட்டுக்கார அம்மா விடவில்லை. அடுப்படிக்கு அழைத்துப் போய் ஒரு கூடை வெண்டைக்காயும் கத்தியும் கொடுத்தார். கம்போ குழம்புக்கு. "உங்கள் ஊரிலும் இது உண்டா?" என்றார். "வெண்டைக்காய் சாப்பிட்டுத்தான் நான் வளர்ந்ததே" என்றேன். "எங்கள் ஆட்களோடு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது" என்றார். அப்புறம் நாங்கள் பேச்சை நிறுத்தவே இல்லை.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்புகளுக்கு நடுவே ஒரு பிரஷர் மிஷின் இருக்கிறது. எழுத ஆரம்பிக்கும் முன்னால் ஒவ்வொருவரும் கையை நீட்ட வேண்டும். பட்டையைப் பிரிக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம், அடுத்தவர் கை, மறுபடி சர்ர். ஒரு கோடு போட்ட நோட்டில் பென்சிலால் பேர், தேதி, நம்பர். 140க்கு மேலே போனவர் அன்றைக்கு அரை மணி நேரம் சோபாவில் படுக்க வேண்டும். வாதம் செய்யக்கூடாது. எங்கள் பேராசிரியை மூன்று வாரம் படுத்தார். நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன், ஆறு வருஷத்து நம்பர்கள். முதலில் கேட்பது "எவ்வளவு எழுதினாய்" இல்லை, "தூங்கினாயா" என்பது.

ஏன் இந்த மிஷின் என்று கேட்டேன். அந்த ஓய்வு பெற்ற அம்மா ஷெர்மன் ஜேம்ஸ் கதையைச் சொன்னார். நோய்களின் பரவலை ஆராய்பவர். 1970களின் கடைசியில் வட கரோலினாவில் ஒரு முதிய கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். குத்தகைக் கூலிக் குடும்பத்தில் பிறந்து, தானாகவே எழுதப் படிக்கக் கற்று, 40 வயதுக்குள் 75 ஏக்கர் சொந்தமாக்கிக்கொண்டவர். 40 வருஷக் கடனை ராத்திரி பகல் பாராமல் உழைத்து 5 வருஷத்தில் அடைத்தார். ஐம்பதுகளின் கடைசியில் ரத்த அழுத்தம், மூட்டுவலி, வயிற்றுப்புண் முற்றி இரைப்பையில் 40 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவர் பேர் ஜான் ஹென்றி மார்ட்டின். நீராவி இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்து, கையில் சுத்தியலோடு செத்து விழுந்த ஜான் ஹென்றி என்று இங்கே ஒரு நாட்டுப்பாடல் நாயகன் உண்டு. இரண்டு பேரையும் நினைத்துத்தான் ஜேம்ஸ் 'ஜான் ஹென்றியிசம்' என்று பேர் வைத்தார். எதிரே இருக்கும் மலையை ஒண்டியாக உடைத்தே தீருவேன் என்று நிற்கும் பிடிவாதம் அது, அதற்கு உடம்பு விலை கொடுக்கிறது. "எங்கள் ஒவ்வொரு துறையிலும் ஒரு ஜான் ஹென்றி இருக்கிறாள், பெரும்பாலும் பெண்" என்றார் அந்த அம்மா.

பிறகு அவர் சீக்கிரமே போய்விட்ட சில கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் பேர்களையும் இறந்தபோது இருந்த வயதையும் சொன்னார். ஷெர்லி ஆன் வில்லியம்ஸ், 54. பார்பரா கிறிஸ்டியன், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பணி பெற்ற முதல் கறுப்பினப் பெண், 56. ஆட்ரி லார்ட், 58. எழுத வேண்டியது இன்னும் எவ்வளவோ இருந்த வயது. 2023 செப்டம்பரில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பொறுப்புத் தலைவர் ஜோஆன் எப்ஸ், அவரும் கறுப்பினப் பெண்தான், ஒரு நினைவுக் கூட்டத்தில் மேடையிலேயே சரிந்து அன்றே இறந்துபோனார். அந்த வாரச் சனிக்கிழமை இந்த மேஜையில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லையாம். கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்களாம்.

ஆனால் அந்த வீட்டில் சோகம் கவிந்து கிடக்கிறது என்று நினைத்துவிடாதே. அவ்வளவு சிரிப்பு! நம்ம ஹாஸ்டல் மொட்டை மாடிதான், ஆளுக்கொரு லேப்டாப்போடு. நாற்பத்தைந்து நிமிஷம் கப்சிப். எலுமிச்சம்பழம் போல ஒரு அடுப்படி டைமர், அது மணி அடித்ததும் ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு பத்தியை உரக்க வாசிக்க வேண்டும். குறை சொல்வது கடைசியில். முதலில், எந்த வரி மனசில் நின்றது என்று சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். ஜார்ஜியாவின் பழைய கறுப்பின மருத்துவச்சிகள் பற்றி ஆராய்ச்சி. அவள் பாட்டியும் ஒரு மருத்துவச்சி. "இது ஆராய்ச்சியா, குடும்பக் கதையா?" என்று அவள் துறையில் ஒருவர் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இவள் எழுதுவது எல்லாம் 'ஒருவேளை', 'என்று கருத இடமுண்டு' என்றே போகிறது. முதல் வாரம் அவள் வாசித்தது அடுப்படி வரை எட்டவே இல்லை. அந்த ஓய்வு பெற்ற அம்மா, "இன்னொரு தடவை வாசி கண்ணே, உன் பாட்டி திண்ணையில் இருக்கிறாள், அவள் காதில் விழ வேண்டாமா?" என்றார். மூன்று தடவை வாசிக்க வைத்தார். மூன்றாவது தடவை, நான் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். போன வாரம் அவள் வாசித்த பத்தியில் ஒரு 'ஒருவேளை' கூட இல்லை.

அந்தக் கூடத்துச் சுவரில் ஆனா ஜூலியா கூப்பர் படம் மாட்டியிருக்கிறது. யாரென்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய்த் தேட ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. 1858இல் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் கணவர் போய்விட்டார். ஓபர்லின் கல்லூரியில் படித்தார், வாஷிங்டனில் பள்ளி ஆசிரியை ஆனார், 1892இலேயே கறுப்பினப் பெண்களின் குரலுக்காகப் புத்தகம் போட்டார். ஐம்பது தாண்டியபின் கொலம்பியாவில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அந்த நேரம் பார்த்து, தாயில்லாத ஐந்து குழந்தைகள், அண்ணன் வழிப் பேரப்பிள்ளைகள், கைக்குழந்தை உட்பட, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது அவருக்கு 57 வயது. நியூயார்க்கில் தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதிக்கு வழியே இல்லாமல் போயிற்று. விட்டாரா? பாரிஸுக்கு மாற்றிக்கொண்டார். அங்கே இருக்கும்போது ஊரிலிருந்து தந்தி: 60 நாளுக்குள் திரும்பாவிட்டால் வேலை போய்விடும் என்று பேச்சு அடிபடுகிறது. ஓடி வந்து வகுப்பெடுத்தார், மறுபடி போய் முடித்தார். 1925இல், 66 வயதில், பாரிஸ் பல்கலைக்கழகத்தின் முனைவர். 105 வயது வரை இருந்தார் மீனா, 1964 வரை! 54, 56, 58 என்று கேட்ட காதுக்கு அந்த 105 எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கு ஒரு மேஜை கிடைத்திருந்தால் இந்த அலைச்சல் வேண்டியதில்லை" என்றார்.

நூலகக்காரியாக இன்னொன்று என்னை உலுக்கியது. ஒரு நாற்காலியின் முதுகில் 'கறுப்பினப் பெண்களை மேற்கோள் காட்டுங்கள்' என்று எழுதிய டிஷர்ட் கிடந்தது. கிறிஸ்டன் ஸ்மித் என்ற மானுடவியல் பேராசிரியை, தன் எழுத்தை இன்னொருவர், எழுதியவர் பேரைச் சொல்லாமலே, எடுத்துப் பேசியதை ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். 2017இல் அந்த டிஷர்ட்டில் தொடங்கி அது ஒரு இயக்கமாகவே ஆகிவிட்டது. படியுங்கள், பாடத்திட்டத்தின் நடுவில் வையுங்கள், பேர் சொல்லுங்கள், பேச இடம் விடுங்கள் என்று போகும் அவர்கள் வேண்டுகோளில் ஐந்தாவது, மூச்சுவிட இடமும் நேரமும் கொடுங்கள் என்பது. அடிக்குறிப்பில் பேர் வருவதும் மூச்சு விடுவதும் ஒரே பட்டியலில்! இருபது வருஷமாக அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கிறேன், அப்படி யோசித்ததே இல்லை.

பக்கத்து ஸ்பெல்மன் கல்லூரி 2012இல் செய்ததும் எனக்குப் பிடித்தது. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் பெரிய விளையாட்டுப் போட்டிகளிலிருந்து விலகி, எண்பது பேருக்குச் செலவான பணத்தை இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவிகள் எல்லோருடைய உடல்நலத்துக்கும் திருப்பினார்கள். அங்கே அது மின்னஞ்சலோடு நிற்கவில்லை, கட்டடமாக எழுந்தது.

எங்கள் பேராசிரியை மூன்று கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். கடிதத்தை அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் எழுதினார். பதினோரு பேரும் வாசித்து, "வருந்துகிறேன்" என்ற வார்த்தை எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அடித்தார்கள். நேற்று அவர் நம்பர் 134க்கு 84. கை தட்டினார்கள். இப்போது அவரே கார் ஓட்டலாம், ஆனாலும் நான் போகிறேன். கம்போவுக்கு ஆள் வேண்டுமாம்.

உன் கடைசிக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "சாயந்தரமானால் பின்மண்டை வலி, பேப்பர் திருத்துகிற வேலைதான், வேறொன்றுமில்லை." அந்த வரிக்கு நான் நாலு மாதம் பதில் சொல்லவில்லை. உன் கஷ்டமும் அவர்கள் கஷ்டமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை, அவர்கள் சுமப்பது வேறு. ஆனால் பின்மண்டை வலிக்குப் பின்னால் பிரஷரும் இருக்கலாம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கே முக்குக்கடை மெடிக்கலில் கையை நீட்டு. காலையில் ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. நம்பரை வாட்ஸப்பில் அனுப்பு, கடிதத்துக்குக் காத்திருக்காதே. பாதியில் கிடக்கும் உன் ஆராய்ச்சியில் ஒரு பத்தியையும் வாசித்துக் குரலாக அனுப்பு. சனிக்கிழமை நான் அடுப்படியில் இருப்பேன், உரக்க வாசி.

உன்,
தேவி