கார்டு அட்டையைக் கொஞ்சநாள் மூடி வையுங்கள்: கீபோர்டு, கிட்டார் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வகுப்பில் சேர்ந்த மாணவர் கையில் முதல் வாரமே ஒரு கார்டு அட்டை வந்துவிடுகிறது. கார்டு (chord) என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்; எந்தக் கார்டுக்கு விரலை எங்கே வைப்பது என்று காட்டும் படம்தான் அந்த அட்டை. 12 ஸ்வரத்துக்கும் மேஜர், மைனர், செவன்த் என்று மூன்று வகை வைத்தாலே 36 கட்டங்கள். ஆறு மாதத்தில் விரல் அத்தனையையும் பிடித்துவிடும். ஜி கார்டு (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) ஏன் பாட்டின் அந்த இடத்தில் வந்தது, அடுத்து எங்கே போகப் பார்க்கிறது என்று கேட்டால்தான் மாணவர் விழிப்பார். அட்டையில் அது இல்லையே. கார்டின் பெயருக்கு முன்னால், ஸ்கேலுக்குள், அதாவது பாட்டின் ஸ்வர வரிசைக்குள், அதற்கு என்ன வேலை என்பதைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதற்கான சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மேஜர் ஸ்கேல் சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரங்கள்தான். ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் ச-க-ப ஒன்றாம் கார்டு, ரி-ம-த இரண்டு, க-ப-நி மூன்று, ம-த-ச நான்கு, ப-நி-ரி ஐந்து, த-ச-க ஆறு, நி-ரி-ம ஏழு. அடி ஸ்வரத்திலிருந்து நடு ஸ்வரம் 4 அரை ஸ்வரம் (ஒரு கட்டையிலிருந்து ஒட்டிய அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து எண்ணினால், ஓர் அரை ஸ்வரம்) தள்ளி இருந்தால் மேஜர், 3 என்றால் மைனர். எண்ணினால் 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். ஏழாவதில் மேல் ஸ்வரமும் அரை ஸ்வரம் குறைந்து டிமினிஷ்டு ஆகிறது. மனப்பாடம் செய்ய விடாதீர்கள், எண்ண வையுங்கள். ஓர் எச்சரிக்கை: பாடகர் சொல்லும் ‘நாலு கட்டை’ எஃப் சுருதி, அதாவது எஃப்-ஐ ச-வாக வைப்பது, அதை நாலாம் கார்டோடு குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் உண்டு.

அதிக நேரம் செலவிட வேண்டியது ஐந்தாம் கார்டில். அதோடு ம-வையும் சேர்த்து ப-நி-ரி-ம ஆக்குங்கள். சி-யை ச-வாக வைத்த சி ஸ்கேலில் அது ஜி செவன்த். இதில் நி-க்கும் ம-வுக்கும் நடுவே 6 அரை ஸ்வரம். மேஜர் ஸ்கேலில் இந்த இடைவெளியில் நிற்கும் ஜோடி இது ஒன்றுதான். நி அரை ஸ்வரம் ஏறினால் ச, ம அரை ஸ்வரம் இறங்கினால் க. இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்து ஒன்றாம் கார்டில் போய் உட்காருகின்றன. ‘வீடு திரும்பும்’ உணர்வு இங்கேதான் பிறக்கிறது. சி மேஜர் கார்டை மட்டும் கேட்டால் அது சி ஸ்கேலின் 1ஆ, ஜி ஸ்கேலின் 4ஆ, எஃப் ஸ்கேலின் 5ஆ என்று சொல்ல முடியாது. ஜி செவன்த் வந்தால் மேஜர் ஸ்கேல்களில் சி ஒன்றுதான் பொருந்தும்.

மற்றவை இதையொட்டிப் புரியும். ஏழாம் கார்டிலும் அதே நி-ம ஜோடி, ஆகவே ஐந்தின் வேலையைச் செய்யும். இரண்டும் நான்கும் ம, த இரண்டையும் பகிர்வதால் வீட்டைவிட்டுக் கிளம்பும் கார்டுகள். ஆறில் ச, க இருப்பதால் அது பாதி வீடு. 5-க்குப் பிறகு 1-ஐ எதிர்பார்க்கும் காதுக்கு 6 கொடுத்தால் பாட்டு முடியாமல் நீளும். டானிக் (வீடு), சப்டாமினன்ட் (கிளம்புவது), டாமினன்ட் (வீட்டுக்கு இழுப்பது) என்று ஜெர்மானியரான ஹியூகோ ரீமான் 1893இல் வகுத்தது இந்தக் குடும்பங்களைத்தான். மூன்றாம் கார்டு மட்டும் இரண்டு பக்கமும் சாயும், ஆரம்பத்தில் விட்டுவிடலாம்.

பயிற்சிக்கு இடது கையில் சி-ஈ-ஜி, சி-எஃப்-ஏ, பி-எஃப்-ஜி, மறுபடி சி-ஈ-ஜி. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு விரல் நகராது, மற்றவை அரை அல்லது முழு ஸ்வரம் மட்டும் நகரும். எல்லாக் கார்டையும் அடி ஸ்வரத்திலிருந்தே பிடித்துத் தாவுகிறவருக்கு இந்த இழுப்பு காதில் விழவே விழாது. இதே நான்கையும் ஜி, எஃப், டி ஸ்கேல்களில் டிரான்ஸ்போஸ் பட்டனை (அதே கட்டைகளை வேறு சுருதியில் ஒலிக்கவைக்கும் பட்டனை) தொடாமல் வாசிக்கட்டும்.

அந்தப் பட்டனைப் பற்றி. நாலு கட்டை என்றதும் கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸை 5 அரை ஸ்வரம் ஏற்றிவிட்டு சி-யிலேயே வாசிப்பார். கிட்டார்காரர் மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்தி சுருதியை ஏற்றும் கவ்வி) மாட்டி டி வடிவத்தில் பிடிப்பார். பாட்டின் ஒரே இடத்தைக் கீபோர்டுக்காரர் எஃப் என்பார், கிட்டார்காரர் ஜி என்பார், பேஸ் கிட்டார்காரர் பி பிளாட் (பிளாட் என்றால் அரை ஸ்வரம் கீழே, ஷார்ப் என்றால் மேலே) என்பார். மூவரும் சொல்வது நாலாம் கார்டு! அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் கார்டுகளை எண்ணாக எழுதும் வழக்கம் 1950களின் இறுதியிலிருந்தே உண்டு.

ஒரு கட்டையை அழுத்தினால் கீபோர்டே முழுக் கார்டையும் வாசிக்கும் ஒற்றை விரல் ஆட்டோ கார்டு இன்னொரு தொல்லை. சி ஸ்கேல் பாட்டில் டி-யை மட்டும் அழுத்தினால் டி மேஜர் வந்துவிடும். உள்ளே இருக்கும் எஃப் ஷார்ப், மெட்டின் எஃப்போடு உரசும். ஆனால் மெட்டு இடம் தந்து அடுத்த கார்டு ஜி ஆக இருந்தால் அதே டி மேஜர் சரி. அங்கே அது ஜி-க்கு ஐந்தாம் கார்டாக வேலை செய்கிறது. ஆகவே ஸ்கேலுக்கு வெளியே உள்ள ஸ்வரம் வந்தால் உடனே தவறு என்று சொல்லாமல், அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள்.

மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிக்குள் எல்லா மெட்டையும் அடைப்பதில்தான் நம் பாடல்கள் அதிகம் கெடுகின்றன. சி-யை ச-வாகக் கொண்ட ஹரிகாம்போதி ராகத்தின் ஏழு ஸ்வரங்களும் எஃப் மேஜரின் ஸ்வரங்களே. அதை நம்பி எஃப்-இல் முடித்தால் வீடு மாறிப்போகும். ஜி செவன்த் போட்டாலும் ஆகாது: அதன் பி, மெட்டின் பி பிளாட்டோடு மோதும். பி பிளாட் மேஜரிலிருந்து சி-க்கு வந்து சேருங்கள். டி-யில் கரஹரப்பிரியா என்றால் நாலாம் கார்டு ஜி மேஜர்; பழக்கதோஷத்தில் ஜி மைனர் பிடிப்பவர்களே அதிகம். ஏ-யில் நடபைரவிக்கு ஐந்தாம் கார்டு ஈ மைனர், அதில் இழுப்பு குறைவு. ஈ மேஜர் வேண்டுமானால் ஜி, ஜி ஷார்ப் ஆகும். மெட்டு அந்த நொடியில் கீரவாணி ராகம் ஆகிவிடும். மெட்டு சாதா ஜி-யில் நிற்கும்போது அதைப் போடாமல், ஏ-க்குத் திரும்பும் கடைசி இடத்தில் மட்டும் போடச் சொல்லுங்கள். கமகத்தில் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில்) க அசையும் இடத்தில் ஒன்றாம் கார்டின் நடு ஸ்வரத்தை எடுத்துவிட்டு ச-ப மட்டும் பிடித்தால் போதும்.

அட்டையை எப்போது திருப்பித் தரலாம்? தெரியாத பாட்டு ஒன்றைப் போட்டு, வாத்தியத்தைத் தொடாமல் 1, 4, 5 எங்கெங்கே வருகிறது என்று விரல் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு சரியாக வந்தால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹார்மனி கற்பிக்கும் சக ஆசிரியர்கள்