நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய மூளை எம்ஆர்ஐ ரிப்போர்ட் கிடைத்தது. படங்களையும் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். ரிட்டயர் ஆகியும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. படம் எடுப்பதுதான் என் வேலையாக இருந்தது, ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட் பொறுப்பு. அதனால் அவர் எழுதியதற்கு மேல் அந்தப் படங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ரிப்போர்ட் நார்மல் என்று தெரிந்ததும் நீ அழுதாயாம், மாப்பிள்ளை சொன்னார். இனிமேல் யாரும் என்னை நம்ப மாட்டார்கள் என்று சொல்லி அழுதாயாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே களைத்துப்போகிறாய். இதை இரண்டு நாள் வைத்துக்கொண்டு மெதுவாகப் படி.

டிசம்பரில் உனக்கு வந்த கொரோனா வீட்டிலேயே ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அதன் பிறகுதான் அடுப்பில் பால் வைத்தது மறந்துபோகிறது, மீட்டிங்கில் நாலு பேர் பேசினால் பின்தொடர முடியவில்லை, தெரிந்த வார்த்தை வாயில் வர மறுக்கிறது. இதெல்லாம் மன அழுத்தம் என்று ஒரு டாக்டர் இரண்டே நிமிஷத்தில் சொல்லி அனுப்பிவிட்டார் என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் நோயாளியையே குறை சொல்லும் காட்சியை நான் சேலத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி தீராத தலைவலி என்று வருவாள். மெஷின் அறைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. மூக்குத்தி, மெட்டி, ஊக்கு எல்லாம் கழற்றி கர்ச்சீப்பில் முடிந்து மாமியார் கையில் கொடுப்பாள். தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது மட்டும் கை நடுங்கும். மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கட்டி கழுத்தில் போட்டுவிடச் சொல்வேன், அப்புறம்தான் படுப்பாள். அவ்வளவும் பட்டு வெளியே வந்தால் "நார்மலாம், தண்டச் செலவு" என்று வீட்டுக்காரர்கள் அவளையே திட்டுவார்கள். தலைவலி அவளோடேயே வீட்டுக்குப் போகும்.

ஆஸ்பத்திரியில் எடுக்கும் எம்ஆர்ஐ பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா மெஷினில் எடுப்பது (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு). அதில் டாக்டர்கள் தேடுவது கண்ணுக்குத் தெரியும் சேதத்தை: ரத்த ஓட்ட அடைப்பு, கசிவு, கட்டி, வீக்கம், வெள்ளைத் திட்டுகள். கொரோனாவில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு, அது படத்தில் பளிச்சென்று தெரியும். ஃப்ளூ காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பும். அபூர்வம்தான், ஆனால் அதில் மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வீங்கிக் கிடக்கும். அப்படி ஒரு படத்தைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். உன் ரிப்போர்ட் இவை எதுவும் உனக்கு இல்லை என்கிறது. அது பெரிய ஆறுதல், அதை முழுசாக எடுத்துக்கொள். உனக்குக் களைப்பு இல்லை, மறதி இல்லை என்று அந்த ரிப்போர்ட் எங்கேயும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் சக்தி அந்தப் படத்துக்குக் கிடையாது.

இப்போது நீ நடுராத்திரியில் படித்துப் பயந்த ஆய்வுக்கு வருகிறேன். கொரோனாவால் மூளை சுருங்கிவிடும் என்று தலைப்புப் போட்டார்களே, அது 2022 மார்ச்சில் நேச்சர் அறிவியல் இதழில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த க்வெனயெல் துவோ குழுவினர் வெளியிட்டது. பிரிட்டனில் மக்களின் உடல்நலத் தகவலைத் திரட்டும் யுகே பயோபேங்க் திட்டத்தில் கொரோனாவுக்கு முன்பே ஸ்கேன் எடுத்துவைத்திருந்தவர்களை மறுபடி கூப்பிட்டு எடுத்தார்கள். மொத்தம் 785 பேர், வயது 51 முதல் 81 வரை. இரண்டு ஸ்கேனுக்கும் இடையில் 401 பேருக்கு கொரோனா வந்திருந்தது, 384 பேருக்கு வரவில்லை. வந்தவர்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வெறும் 15 பேர். நோய்க்கு முந்தைய படம் கையில் இருந்ததுதான் அந்த ஆய்வின் பெரிய பலம். நம் ஊரில் ஒருவருக்குத் தலை வலித்த பிறகுதான் ஸ்கேன் எடுப்போம், எதோடு ஒப்பிடுவது?

அவர்கள் கண்ட வித்தியாசம் 0.2 முதல் 2 சதவீதம்தான். கண்ணுக்கு மேலே இருக்கும் ஆர்பிட்டோஃப்ரண்டல் பகுதியிலும், நினைவோடு சம்பந்தப்பட்ட பாராஹிப்போகாம்பல் பகுதியிலும் சாம்பல் நிறப் பொருளின் தடிமன் வராதவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. மனக்கூர்மை சோதனையை முடிக்கவும் கொரோனா வந்தவர்களுக்கு நேரம் கூடியிருந்தது. சேலம் மாம்பழ மண்டியில் ஒரு பழத்தைக் கையில் எடுத்து இது இரண்டு கிராம் குறைவு என்று சொல்ல முடியுமா? நானூறு பழம் இந்தப் பக்கம், நானூறு பழம் அந்தப் பக்கம் நிறுத்தால்தான் தெரியும். உன் தனிப்பட்ட ஸ்கேனில் அந்த மாற்றத்தைத் தேடுவதும் அப்படித்தான். உனக்கு வயது 34, அந்த 785 பேரில் உன் வயதுக்காரர் ஒருவர்கூட இல்லை. அந்தச் சராசரியை உன் தலைக்குள் இறக்கிவைத்துப் பயப்படாதே.

சாதாரண மெஷினுக்குத் தெரியாதது இருக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 7 டெஸ்லா மெஷினில் 30 பேரைப் பரிசோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். கொரோனாவின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குச் சீரியஸாக இருந்தவர்கள் அவர்கள். மாதங்கள் கழித்தும் மூளைத்தண்டில் அழற்சிக்கான அடையாளம் தெரிந்தது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நடத்துகிற இடம் அது. உன்னைப் போல லேசாக வந்து போனவர்களுக்கும் இதுதான் என்று நினைத்துக்கொள்ளாதே. படம் எடுத்தே காலம் தள்ளிய நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, மெஷினின் கூர்மைக்கு ஒரு எல்லை உண்டு என்பதைத்தான்.

நுரையீரலில் வந்த நோய் தலைக்கு எப்படிப் போகிறது என்று கேட்டாயே. வைரஸ் மூளைக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவில் மிஷெல் மோஞ்சே, அகிகோ இவாசாகி குழுவினர் எலிகளுக்கு மூச்சுப் பாதையில் மட்டும் லேசான கொரோனா தொற்றை உண்டாக்கினார்கள். ஒரு வாரத்தில் எலிகளின் உடம்பிலிருந்து வைரஸ் போய்விட்டது. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோக்ளியா மட்டும் வாரக்கணக்கில் அமைதியாகவே இல்லை, நரம்புக்கு உறை போடும் அணுக்களும் குறைந்தன. ஃப்ளூவிலும் இதைப் போன்ற சில மாற்றங்கள் வந்தன. உன் மறதி உடம்பில் நடக்கிற சங்கதி, சோம்பேறித்தனம் என்று எவர் சொன்னாலும் காதில் வாங்காதே.

காபியே பிடிக்கவில்லை என்று சொன்னாய் அல்லவா, அப்போதே எனக்கு உன் அத்தை ஞாபகம் வந்தது. 2021-இல் அவளுக்குக் கொரோனா வந்து வாசனை போய்விட்டது. ஏற்காட்டில், காபியைப் பூக்கவைக்கும் பூ மழை பெய்து பத்து நாளில் காபிச் செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து நிற்க, அதன் நடுவே நின்று ஒன்றுமே தெரியவில்லை என்றாள். சில மாதம் கழித்து வாசனை திரும்பியது, ஆனால் டிகாஷன் சாக்கடை மாதிரி நாறியது. தண்ணீர்த் தொட்டியில் விஷம் கலந்துவிட்டார்களோ என்று வேலையாட்களைச் சந்தேகப்படும் அளவுக்கு அது அவளைக் கொண்டுவிட்டது. இதற்குக் காரணமான காபி மணப்பொருள் ஒன்றை ஆராய்ந்து கண்டவர் ஜேன் பார்க்கர், இங்கிலாந்தில் நீ இருக்கும் ரெடிங் ஊரின் பல்கலைக்கழகத்திலேயே அந்த ஆராய்ச்சியைச் செய்தவர். வாசனை நரம்பைத் தாங்கும் துணை அணுக்களைத்தான் வைரஸ் முதலில் தாக்குகிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலை மாலை முகர்ந்து பழகும் முறையை ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் 2009-இல் சோதித்தார். அத்தை அதைத்தான் செய்தாள். இப்போது தோட்டத்தில் பூத்ததும் முதலில் அவளிடமிருந்துதான் எனக்குப் போன் வருகிறது. நீயும் ஆரம்பி.

பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், இந்த நான்கு ரத்தப் பரிசோதனையையும் எடுக்கச் சொல் டாக்டரிடம். நீ கறி மீன் தொடாதவள், பி12 குறைந்தாலும் இதே மறதி வரும், அது பெரும்பாலும் மருந்தில் சரியாகும். ஆபீஸில் எழுத்து மூலமாக வேலை நேரத்தைக் குறைத்துக் கேள். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்யாதே, மறுநாள் விழுந்துவிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொல்கிறார். முகம் கோணினாலோ, ஒரு கை மட்டும் பலம் போனாலோ, பேச்சு குழறினாலோ, கால் மரத்து பலவீனம் மேலே ஏறினாலோ ஒரு நிமிஷமும் காத்திராமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். குட்டிக்கு ஃப்ளூ வந்தால் ஆஸ்பிரின் கூடவே கூடாது, குழந்தைகளுக்கு அது மூளையையும் ஈரலையும் பாதிக்கும் ரைஸ் சிண்ட்ரோம் (Reye's syndrome) என்ற நோயைக் கொண்டுவரலாம்.

டாக்டரிடம் போகும்போது மாப்பிள்ளையைக் கூட்டிப்போ. இந்த வாரம் எது எது மறந்தது, எந்த வேலைக்குப் பிறகு விழுந்தாய் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு போ. ரத்த ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
அம்மா
அஸ்தம்பட்டி, சேலம்