‘புற்றுநோய் செல்லைக் கொல்லும்’ செய்திகளில் விடுபடும் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மஞ்சள், கருஞ்சீரகம், முள் சீத்தா இலை என ஏதேனும் ஒன்றின் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை அழித்ததாகச் சொல்லும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகின்றன. அவற்றில் பல பொய்யல்ல. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களின் மேல் போதிய அளவில் ஊற்றினால் எத்தனையோ பொருள்கள் அவற்றைச் சாகடிக்கும். ஆனால், அதே அளவில் நல்ல செல்கள் பிழைக்குமா என்று அச்செய்திகள் பெரும்பாலும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி எத்தனை கடினமானது என்பதற்கு, நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரை உருவான வரலாறே சான்று.

பழுதுபட்ட செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 1972-இல் கெர், வைலி, கர்ரி ஆகிய மூவரும் அப்போப்டோசிஸ் என்று பெயரிட்டனர். புற்றுநோய் என்றால் கட்டுக்கடங்காத பெருக்கம் என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். சாக வேண்டிய செல் சாகாமல் நிலைப்பதும் அந்நோய்க்கு வழிவகுக்கிறது. பிசிஎல்-2 என்னும் மரபணு செல்லைப் பெருகத் தூண்டுவதற்கு மாறாக அதைச் சாகவிடாமல் காக்கிறது என்று, மெல்போர்னில் உள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வு நிறுவனத்தின் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெர்ரி ஆடம்ஸ் ஆகியோர் 1988-இல் காட்டினர்.

அது எப்படிக் காக்கிறது என்பதில்தான் மருந்துக்கான வழியும் இருந்தது. செல்லுக்குக் கேடு நேரும்போது பிம் போன்ற புரதங்கள் பாக்ஸ், பாக் என்ற இரு புரதங்களைத் தூண்டிவிட, அவை செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஒன்றுகூடித் துளையிடுகின்றன. அதன் வழியே சைட்டோகுரோம் சி என்னும் புரதம் கசிந்ததும் கேஸ்பேஸ் எனப்படும் நொதிகள் முடுக்கிவிடப்பட்டு, செல்லை உள்ளிருந்தே துண்டாடுகின்றன. பிசிஎல்-2 மரபணுவிலிருந்து உருவாகும் அதே பெயருள்ள புரதத்தின் மேற்பரப்பில் உள்ள நீண்ட பள்ளம் ஒன்றில் பிம்மின் சுருள் பகுதி கச்சிதமாகப் பொருந்திச் சிக்கிக்கொள்வதால், இந்தத் தொடர் தொடங்காமலே நின்றுவிடுகிறது. மேற்சொன்ன இரத்தப் புற்றுநோய் செல்களில் பிசிஎல்-2 மிகுந்திருக்கிறது. பிம்மும் அதில் ஏற்கெனவே சிக்கியிருக்கிறது. சாவதற்கு ஆயத்தமான செல்லை அந்த ஒரு பிடியே நிறுத்தி வைத்திருக்கிறது. பள்ளத்தில் பிம்முக்குப் பதிலாக ஒரு சிறு மூலக்கூறு போய் உட்கார்ந்தால் போதும், விடுபட்ட பிம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் அபாட் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கி, நோயாளிகளிடம் சோதித்த நவிடோகிளாக்ஸ் அதைச் செய்தது. ஆனால் அது பிசிஎல்-2 குடும்பத்தைச் சேர்ந்த பிசிஎல்-எக்ஸ்எல் புரதத்தின் பள்ளத்தையும் அடைத்தது. இரத்தம் உறைய உதவும் நம் இரத்தத் தட்டணுக்கள் பாக் புரதத்தை அடக்கி வைக்க இந்த பிசிஎல்-எக்ஸ்எல்லையே நம்பியிருக்கின்றன. மருந்து உள்ளே போனதும் தட்டணு எண்ணிக்கை சரிந்தது. அதனால் மருந்தின் அளவைக் கூட்ட முடியவில்லை. புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த மருந்தைப் பற்றியும் அது உண்மையான செய்தியாகவே இருந்திருக்கும். இரு பள்ளங்களுக்கும் இடையிலான மிகச் சிறிய வேறுபாட்டைக் கண்டு, பிசிஎல்-2-ஐ மட்டும் பற்றும்படி திருத்தி அமைக்கப்பட்ட வெனிடோகிளாக்ஸ் 2016 ஏப்ரலில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1988-இலிருந்து கணக்கிட்டால் 28 ஆண்டுகள்.

இத்தனை திருத்தத்துக்குப் பின்பும் இந்நோயாளிகளுக்கு முதல் வாரம் 20 மில்லிகிராமில் தொடங்கி, ஐந்தாம் வாரத்தில்தான் 400 மில்லிகிராம் தருகிறார்கள். செல்கள் ஒரே நேரத்தில் ஏராளமாக மடிந்தால் அவற்றிலிருந்து வெளியேறும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும், உடன் உண்டாகும் யூரிக் அமிலமும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். மருத்துவர் தயங்குகிறார் என்று குடும்பத்தினர் பதற வேண்டியதில்லை.

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது சோதனை கண்ணாடித் தட்டில் நடந்ததா, விலங்கிலா, மனிதரிலா என்பதையும், நல்ல செல்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் ஓரிரு வரியிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சையில் இருப்பவர்கள் அச்செய்தியை நம்பி எதையேனும் தாமாகச் சேர்த்துக்கொள்ளக்கூடும் என்பதே என் கவலை. வெனிடோகிளாக்ஸ் எடுத்துக்கொள்பவர் நட்சத்திரப் பழம் சாப்பிட்டால்கூட, அம்மருந்தைச் சிதைக்கும் நொதி தடைபட்டு, இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரக்கூடும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி