61ஆம் எண்

அன்புள்ள மாப்ள,

மூணு மாசமாகப் பதில் போடாததற்கு முதலில் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். நீ எழுதி அனுப்பிய சிஹெச்ரூட் (chroot, யூனிக்ஸில் ஒரு ப்ரோகிராமின் ரூட் டைரக்டரியை மாற்றும் வசதி) மேன் பக்கத்தை, அதாவது கையேட்டுப் பக்கத்தை, பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

வரலாற்றுப் பகுதியில் '4.2 பிஎஸ்டியில் வந்தது', அதாவது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வந்தது என்று போட்டிருக்கிறாய். தயவுசெய்து அப்படியே அனுப்பிவிடாதே. பெர்க்லியின் பில் ஜாய் 1982 மார்ச் 18 அன்று சேர்த்தார் என்ற கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. ஆனால் 1979 ஜனவரித் தேதியிட்ட பெல் லேப்ஸ் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பிலேயே அது இருக்கிறது. கையேட்டின் இரண்டாம் பிரிவில் சிஹெச்ரூட் என்று தனிப் பக்கம் தேடியிருப்பாய், கிடைத்திருக்காது. நடப்பு டைரக்டரியை மாற்றும் சிஹெச்டிர் (chdir) பக்கத்தைத் திற. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான்.

கையேட்டோடு நிறுத்தாதே. கெர்னலின் மூலக் கோடில் சிஸ்டம் கால் அட்டவணையைப் பார் (ப்ரோகிராம்கள் கெர்னலைக் கூப்பிடும் வழிகளின் எண் பட்டியல்), 61ஆம் எண் அதுதான். அதன் கோடு மூன்று நான்கு வரிதான்: சூப்பர் யூசரா என்று பார்க்கிறது, பிறகு சிஹெச்டிர் கூப்பிடும் அதே ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. நடப்பு டைரக்டரியைக் குறிக்கும் யூ_சிடிர் (u_cdir) இருக்க வேண்டிய இடத்தில் ரூட் டைரக்டரியைக் குறிக்கும் யூ_ஆர்டிர் (u_rdir), அவ்வளவே வித்தியாசம். அடுத்து 1975 மே மாத ஆறாம் பதிப்பின் அட்டவணை. அதில் 61 காலி. ஆனாலும் 'முதன்முதலில்' என்று எழுதாதே மாப்ள. இரண்டுக்கும் நடுவில் பெல் லேப்ஸில் பிடபிள்யூபி (PWB) மாதிரி யூனிக்ஸின் கிளைப் பதிப்புகள் ஓடின, அவற்றையும் பார்க்காமல் அந்தச் சொல்லைப் போடக் கூடாது. மேன் பக்கக் குறியீட்டில் 4.2 பிஎஸ்டியைக் காட்டும் பிஎக்ஸ் 4.2ஐ (Bx 4.2) எடுத்துவிட்டு ஏழாம் பதிப்பைக் காட்டும் ஏடி வி7 (At v7) போடு, போதும்.

அந்தக் காலத்தில் தப்பாக எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெல் லேப்ஸின் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டியின் மூலக் கோடு லைசென்ஸுக்குள் பூட்டிக் கிடந்தது. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் திறந்துவிட்ட பிறகும் அதே வரியை நகல் எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செய்தவர்களின் உழைப்பு வேறு ஊர்க் கணக்கில் ஏறிவிடுகிறது. நம்ம பரோட்டாக் கணக்கு மாதிரி இதை விட்டுவிட முடியாது!

ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப் (pipe) பக்கத்திலும் கவனம் வை. பைப் 1973 பிப்ரவரி மூன்றாம் பதிப்பில் உண்டு, ஆனால் அங்கே '>' குறியைப் போட்டுத்தான் எழுதினார்கள். இன்று நாம் போடும் செங்குத்துக் கோடு நான்காம் பதிப்பில்தான் வருகிறது. வசதிக்கு ஒரு வரி, குறிக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுது.

திருத்தியதை ஞாயிற்றுக்குள் அனுப்பு. கோப்பில் வரிகளைத் தேடும் கிரெப் (grep) பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, அதில் ஆறாம் பதிப்பு என்று இருந்தால் நான்காம் பதிப்பின் கையேட்டைப் பார்த்துவிட்டு அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்